பக்கவாதத்தில் நரம்பணுக் காப்பு ஆய்வு

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்ட பிறகும் நரம்பணுக்களைச் சாகவிடாமல் காக்க வழி தேடும் ஆய்வுத்துறை. தலைக்காயம், பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளின் மூளைப் பாதிப்பு ஆகியவையும் இதில் அடங்கும்.

ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், பக்கவாதத்தில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்ததை 1658இல் எழுதிவைத்தார். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு, பட்ட மூளை பட்டதுதான் என்ற எண்ணமே பெரும்பாலும் நிலவியது.

அந்த எண்ணத்தை அசைத்தவை 1970களில் லண்டன் குயின் ஸ்கொயரில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளிடம் செய்த சோதனைகள். இயல்பான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் ஓடுகிறது. மூளையின் நடுத்தமனியை அடைத்து, ஓட்டம் 20 மி.லி.க்கும் கீழே இறங்கியபோது, கை நரம்பைத் தூண்டியும் மூளைப் புறணியில் மின்சைகை எழவில்லை. ஆனாலும் பொட்டாசியம் அணுக்களுக்குள்ளேயே இருந்தது. ஓட்டம் 10 மி.லி.க்கும் கீழே போன பிறகே அது வெளியே கொட்டியது. அதாவது, இரு வரம்புகளுக்கும் நடுவே இருந்த திசு ஓய்ந்து கிடந்ததே தவிர, சாகவில்லை. ரத்தம் திரும்பினால் சைகையும் திரும்பக்கூடும். ஆஸ்ட்ரப், சியேஷோ, சைமன் மூவரும் 1981இல் எழுதிய கட்டுரை இத்திசுவைக் கிரகணத்தின் புறநிழலோடு ஒப்பிட்டது. இத்துறையின் நம்பிக்கை முழுவதும் அந்தப் புறநிழலில்தான் நிற்கிறது.

அணு எப்படிச் சாகிறது என்பதற்கான விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸில் ஜான் ஓல்னி எலிக்குட்டிகளுக்குக் குளூட்டமேட் உப்பை ஊசியில் செலுத்தி, அவற்றின் நரம்பணுக்கள் அழிவதை 1969இல் காட்டினார். அளவுமீறிய குளூட்டமேட் அணுவின் வாயில்களைத் திறந்துவிட, உள்ளே புகும் கால்சியமே அணுவைக் கொல்கிறது என்பதை 1980களில் டென்னிஸ் சோய் முதலானோர் விளக்கினர்.

மருந்துகள் குவிந்தன. 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பு 1,026 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 114 மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருந்தன. விலங்குகளில் கண்ட பலன் மனிதர்களிடம் நிலைக்கவில்லை. மருந்து தாமதமாகக் கிடைத்தது, இளமையும் நலமும் உள்ள எலிகளை நம்பியது, விலங்குச் சோதனைகளின் தரக்குறைவு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எனினும் தாமதம் மட்டுமே காரணம் என்று சொல்வது கடினம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1,700 நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸிலேயே மக்னீசியம் சல்பேட்டையோ போலி மருந்தையோ ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு, அறிகுறி தோன்றி முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே மருந்து போய்ச்சேர்ந்தது. 2015இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. தலைக்காயத்தில் ஸ்டீராய்டு தந்த பெருஞ்சோதனையிலோ மரணம் கூடியது (2004).

மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளின் உடலை 72 மணி நேரம் 33 முதல் 34 பாகை வரை குளிர்விப்பது பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த சோதனையில் (2021) அதே முறையால் இறப்பு அதிகரித்தது. காரணம் விவாதத்தில் உள்ளது.

பக்கவாதத்துக்கான நரம்பணுக் காப்பு மருந்தான எடராவோனுக்கு ஜப்பான் 2001இல் அனுமதி தந்தது. 2015 முதல் உறைகட்டியைக் குழாய் வழியே அகற்றும் முறை பரவியது. அதனுடன் சேர்த்துச் சோதித்த நெரினெடைடு என்ற மருந்து 2020இல் மொத்தத்தில் தோற்றாலும், உறைகரைப்பு மருந்து பெறாதவர்களிடம் பலன் தெரிந்ததாகக் கருதப்பட்டது. அத்தகையோரை மட்டும் வைத்துப் பின்னர் நடந்த சோதனையில் அது உறுதிப்படவில்லை.