மடிக்கணினி நுண்செயலிகளும் வழங்கி நுண்செயலிகளும்

மடிக்கணினி நுண்செயலி, வழங்கி நுண்செயலி என்பன பெரும்பாலும் ஒரே கட்டளைத் தொகுதியை இயக்கக்கூடியவையாயினும், வெவ்வேறு தேவைகளுக்காக வடிவமைக்கப்படும் இருவகை மையச் செயலகங்கள் ஆகும். முன்னது மின்கலத்திலிருந்து கிடைக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு ஒரு பயனரின் வேலையை விரைவாக முடிக்க வேண்டியது. பின்னது இரவு பகலாக அணையாது இயங்கி, ஏராளமான பயனர்களின் வேண்டுகோள்களுக்கு ஒரே நேரத்தில் விடையளிக்க வேண்டியது. வழங்கிச் செயலியின் விலை பன்மடங்கு கூடுதலாக இருப்பதால் அது கணினி விளையாட்டுகளையும் பன்மடங்கு வேகமாக இயக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறாகும்.

வடிவமைப்பு வேறுபாடுகள்

ஏ.எம்.டி. நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட எப்பிக் 9654 வழங்கிச் செயலியையும், 2023-இல் வெளியிட்ட ரைசன் 9 7945எச்.எக்ஸ் மடிக்கணினிச் செயலியையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரண்டும் சென் 4 எனும் ஒரே நுண்கட்டமைப்பைச் சேர்ந்தவை. எப்பிக்கில் 96 உள்ளகங்களும் 384 மெகாபைட் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகமும் உள்ளன. அதன் உச்சக் கடிகார வீதம் 3.7 கிகாஹெர்ட்ஸ், வெப்ப வடிவமைப்புத் திறன் 360 வாட். ரைசனில் 16 உள்ளகங்களும் 64 மெகாபைட் பதுக்கு நினைவகமும் மட்டுமே உள்ளன. ஆனால் உச்சக் கடிகார வீதம் 5.4 கிகாஹெர்ட்ஸ், வெப்ப வடிவமைப்புத் திறன் 55 வாட்.

360 வாட் என்பது பெரிய எண்ணாகத் தோன்றினும், அதனை 96 உள்ளகங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4 வாட் கூடக் கிடைப்பதில்லை. எனவே வழங்கிச் செயலியின் உள்ளகங்கள் மிதமான வேகத்திலேயே இயங்குகின்றன. மேலும் எப்பிக் 12 நினைவகத் தடங்களைக் கொண்டது. மடிக்கணினியில் வழக்கமாக இருப்பவை 2. வழங்கி நினைவகங்கள் பிழை திருத்தும் வசதி கொண்டவை. தரவுத்தளத்தில் ஒரு பிட் மாறினால் ஒருவரது வங்கி இருப்பே மாறிவிடலாம் என்பதால் இவ்வசதி இன்றியமையாதது. விளையாட்டுக்கு இதனால் பயன் ஏதுமில்லை.

விளையாட்டுகளில் செயற்றிறன்

நொடிக்கு 60 சட்டகங்களைக் காட்டும் விளையாட்டில் ஒவ்வொரு சட்டகத்திற்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் விசைப்பலகை உள்ளீட்டைப் படித்தல், பொருட்களின் மோதலைக் கணித்தல், எதிரிகளின் நகர்வைத் தீர்மானித்தல், வரைகலைச் செயலகத்திற்குக் கட்டளைகளை அனுப்புதல் ஆகியன முடிந்தாக வேண்டும். இவற்றுட் பல ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழக்கூடியவை. ஒரு பானைச் சோறு வேக 20 நிமிடம் ஆகுமெனில், 96 அடுப்புகள் இருந்தாலும் அப்பானை முன்கூட்டி வேகாது. 96 பானைகளை ஏற்றுபவருக்கே அத்தனை அடுப்புகளால் பயன்.

இதனைக் கணக்காகத் தருவது ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த அம்டால் விதி. ஒரு நிரலின் 40 விழுக்காடு பகுதியைப் பகிர்ந்து செய்ய இயலாது எனக் கொள்வோம். 16 உள்ளகங்களில் அது 2.29 மடங்கும், 96 உள்ளகங்களில் 2.46 மடங்கும் விரைவுபடும். அதாவது ஆறு மடங்கு உள்ளகங்களால் கிடைக்கும் கூடுதல் வேகம் 8 விழுக்காட்டிற்கும் குறைவு. மேற்கண்ட இரு செயலிகளின் உச்சக் கடிகார வீதங்களுக்கிடையே உள்ள வேறுபாடோ ஏறத்தாழ 46 விழுக்காடு. (எல்லா உள்ளகங்களும் ஒருசேர உழைக்கும்போது இரண்டுமே உச்ச வீதத்தை எட்டுவதில்லை.) படத்தரத்தை உயர்த்தினால் வரைகலைச் செயலகமே தடையாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இணையவழி விளையாட்டுகளை நடத்தும் வழங்கிகளில் நிலைமை வேறு. அங்கு ஒரே பொறியில் பல ஆட்டங்கள் தனித்தனியே நடப்பதால் உள்ளகங்களின் எண்ணிக்கை நேரடியாகப் பயன் தருகிறது.

எல்லை கடந்த செயலிகள்

2003 மார்ச்சில் வெளிவந்த இன்டெல் பென்டியம் எம், இசுரேலின் ஹைஃபா நகரிலுள்ள இன்டெல் குழுவினரால் மடிக்கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அக்காலத்தில் பென்டியம் 4 வகையும் அதன் வழிவந்த சியான் வழங்கிச் செயலிகளும் கடிகார வீதத்தை உயர்த்துவதையே குறியாகக் கொண்டிருந்தன. 2004-இல் வந்த பிரெசுகாட் பென்டியம் 4-இன் பைப்லைன் 31 படிகள் கொண்டது. அதன் வெப்பம் 100 வாட்டைக் கடந்தது. பென்டியம் எம் பழைய பென்டியம் 3-இன் கட்டமைப்பை ஒட்டி, 1.6 கிகாஹெர்ட்ஸ் அளவிலும் 25 வாட்டிற்குள்ளும் இயங்கியே மிகக் கூடிய கடிகார வீதமுடைய பென்டியம் 4 உடன் போட்டியிட்டது. 2005-இல் ஆசுஸ் நிறுவனம் இதனை மேசைக்கணினிப் பலகையில் பொருத்தும் இணைப்பியை விற்றது. விளையாட்டு ஆர்வலர்கள் அதனை விரும்பி வாங்கினர். 2006-இல் இதன் வழித்தோன்றலான கோர் நுண்கட்டமைப்பு மடிக்கணினி, மேசைக்கணினி, வழங்கி மூன்றிலும் பென்டியம் 4 கட்டமைப்பை அகற்றியது.

எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்துள்ளது. ஏ.எம்.டி. 2003 செப்டம்பரில் விளையாட்டுக்காக விற்ற அத்லான் 64 எஃப்.எக்ஸ்-51, பெயர் மாற்றிய ஆப்டெரான் வழங்கிச் செயலியே எனலாம். வழங்கிகளுக்குரிய நினைவகமே அதற்கும் தேவைப்பட்டது. 2022-இல் எப்பிக் வழங்கிகளுக்கு வந்த, பதுக்கு நினைவகத்தை அடுக்கி ஒட்டும் முறை, அடுத்த மாதமே ரைசன் 7 5800எக்ஸ்3டி வழியாக விளையாட்டுக் கணினிகளுக்கும், 2023-இல் மடிக்கணினிக்கும் வந்தது. 96 மெகாபைட் பதுக்கு நினைவகம் கொண்ட 5800எக்ஸ்3டி, தன்னைவிடக் கடிகார வீதம் கூடிய 5800எக்ஸ் செயலியைப் பல விளையாட்டுகளில் முந்தியது.

பழைய வழங்கிச் செயலிகள்

தரவு மையங்கள் கழித்துவிடும் சியான் செயலிகள் மலிவாகக் கிடைப்பதால் மாணவர்கள் அவற்றை நாடுவதுண்டு. 2012-இன் சியான் இ5-2670 எட்டு உள்ளகங்களும் 115 வாட்டும் கொண்டது; உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதே தலைமுறையின் 45 வாட் மடிக்கணினிச் செயலியான கோர் ஐ7-2760கியூ.எம் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். மெய்நிகர் பொறிகளை இயக்கிப் பழகவும் பெரிய நிரல்களைத் தொகுக்கவும் அந்தச் சியான் நன்று. ஆனால் அதில் ஒருங்கிணைந்த வரைகலை இல்லை. தனி வரைகலை அட்டை, உரிய தாய்ப்பலகை, குளிர்விப்பான் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முழு வழங்கிப் பெட்டியையே வாங்குவோர் அதன் விசிறிகளின் இரைச்சலையும் சேர்த்தே வாங்குகின்றனர்.