ராஸ்பெரி பை கேமராவும் ஜன்னலில் ஒரு ஓட்டையும்

ராஸ்பெரி பையில் கேமராவை மாட்டி, அதை இயக்க நாலு ஸ்லைடர், ஒரு பட்டன் வைத்து ஜன்னல் செய்த பழைய ஆட்களுக்கு ஒரு விநோதம் நல்லா ஞாபகம் இருக்கும். ஓட விட்டதும் கேமரா காட்சி திரை முழுக்க வந்து உட்கார்ந்துக்கும். பட்டன் எங்கே? அடியில்! இது ஏன் அப்படி, பிறகு எப்படி மாறியது என்ற கதைதான் இது.

அந்தக் குட்டி போர்டு விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29-ல். அதற்கான கேமரா 2013 மே மாதம் வந்தது. 25 டாலர், 5 மெகாபிக்சல். கூடவே ராஸ்பிஸ்டில், ராஸ்பிவிட் என்று இரண்டு கட்டளைகள். ஜன்னலெல்லாம் கிடையாது. டைப் அடிக்கணும், 5 நொடி காட்சி ஓடும், அப்புறம் க்ளிக். வெளிச்சம் சரியில்லையா, மறுபடி முழு வரியையும் திருத்து.

அதே வருஷம் டேவ் ஜோன்ஸ் பைகேமரா என்ற பைத்தான் லைப்ரரியை எழுதினார். பைத்தானோடு கூடவே வரும் டிகிண்டரையும் இதையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்குள் கேமரா ஜன்னல் ரெடி. பள்ளிப் பசங்க முதல் பறவைக்கூட்டைக் கண்காணிப்பவர்கள் வரை எழுதித் தள்ளினார்கள்.

இப்போ அந்த ஓட்டைக்கு வருவோம். முதல் பையில் இருந்தது 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு ஆர்ம் கோர். கேமரா அனுப்பும் படங்களைச் சமாளிக்க அதற்குத் தெம்பு கிடையாது. நிறம், இரைச்சல், வெளிச்சம் எல்லாவற்றையும் அதே சிப்பில் இருந்த வீடியோகோர் என்ற கிராபிக்ஸ் பகுதி கவனித்தது. கவனித்ததோடு நிற்காமல், படத்தை நேராகத் திரையிலேயே வரைந்தும் விட்டது. டெஸ்க்டாப்புக்கு இது நடந்ததே தெரியாது. அதனால் நாம் ஜன்னலில் காலியாக ஒரு ஓட்டை விட்டு, அளவு பார்த்து காட்சியை அதன்மேல் வைக்கணும். ஜன்னலை இழுத்தால் ஓட்டை நகரும், படம் நகராது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் வெறும் ஓட்டை மட்டும் விழும் :-)

ஷட்டர் ஸ்லைடரிலும் இதே கூத்துதான். நொடிக்கு 30 பிரேம் ஓடும்போது ஒரு நொடியில் 30-ல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறக்காது. ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் சரி. நட்சத்திரம் பிடிக்க 6 நொடி வேணுமா, முதலில் பிரேம் வேகத்தை 6 நொடிக்கு ஒன்றாகக் குறைக்கணும்.

வேகமும் மலிவும் கிடைத்தது, ஆனால் எல்லாம் ஒரு மூடிய பெட்டிக்குள் என்பதுதான் விலை. வேறு சென்சாரை நாமே சேர்க்க முடியாது, உள்ளே நிறத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது. லினக்ஸ் கேமராக்களுக்காக 2018-ல் லிப்கேமரா என்ற திறந்த திட்டம் ஆரம்பித்தது. 2021 நவம்பரில் வந்த புல்ஸ்ஐ பதிப்பில் பையும் அதற்கு மாறியது. பழைய முறையை வேண்டுமானால் திரும்ப இயக்கிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2023 அக்டோபர் புக்வோர்ம் பதிப்பில் அதுவும் போச்சு. எட்டு வருஷத்துப் பாடங்கள், உதாரணங்கள், சின்னச் சின்ன ஜன்னல்கள் எல்லாம் புதுப் பதிப்பில் ஓடாது. மாற்றம் சரியானது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் பத்து வரியில் பசங்க புரிந்துகொண்ட அந்த எளிமை திரும்பவில்லை.

2022 பிப்ரவரியில் சோதனைப் பதிப்பாக வந்த பைகேமரா2-ல் காட்சி க்யூட் ஜன்னலுக்குள்ளேயே ஒரு பாகமாக உட்கார்ந்தது. இழுத்தால் கூடவே வருது! ஆனால் ஐஎஸ்ஓ ஸ்லைடர் போய்விட்டது. அந்த இடத்தில் அனலாக் கெயின். பழைய 100-க்கு ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொள்ளலாம்.

2023 ஜனவரியில் வந்த மூன்றாம் கேமராவில் ஃபோகஸையும் மாற்றலாம். அது கண்ணாடிக் கடைக்காரர் கணக்கான டயாப்டரில் இருக்கு: 0 என்றால் வெகுதூரம், 2 என்றால் அரை மீட்டர், 10 என்றால் 10 சென்டிமீட்டர். ஸ்லைடரில் மீட்டர் என்று எழுதிவிட்டு, உள்ளே 1-ஐ அந்த எண்ணால் வகுத்து அனுப்பினால் போதும்.