பட்டை தீட்டிய ஊர்கள்

புதுக்கோட்டை நகருக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது, ஆறு இதழ் கொண்ட தங்க மூக்குத்தியும் சூதுபவள மணியும் கிடைத்தன. எல்லார் கண்ணும் மூக்குத்தி மேல் போனது. தொழில் தெரிந்தவர் மணியைத்தான் கையில் எடுப்பார். தங்கம் தட்டினால் வளையும். சூதுபவளமோ இரும்பையே கீறும். அதைத் துளைத்து வழவழப்பாக்கச் சுழலும் கருவியும் கடினமான பொடியும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

அந்தக் கருவியின் வழிவந்ததுதான் சாணை. உருக்கிய அரக்கில் குருந்தக் கல்லின் பொடியைக் குழைத்து வட்டமாக வார்ப்பார்கள். ஒரு கை வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சாணையைச் சுழற்ற, மறு கை கல்லை அதன் மேல் பிடிக்கும். தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் படிகக் கல்லை இப்படித் தேய்த்து மூக்குக்கண்ணாடியே செய்தார்கள்.

1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னூய், அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிக் கெம்பு வளர்க்கும் முறையை வெளியிட்டார். இயற்கைக் கெம்புக்குக் கொடுக்க வசதியில்லாதவர் தோட்டிலும் கெம்பு ஏறியது. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சியில் வேர்பிடித்து, புதுக்கோட்டைக் கிராமங்களுக்கும் பரவியது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேலை இல்லை. திண்ணையில் ஒரு பட்டறையைப் போட்டால், வியாபாரி கொடுத்த கல்லைத் தீட்டிக் கொடுத்து, கல் கணக்கில் கூலி வாங்கலாம். பெண்கள் ஏராளமாக இதில் இறங்கினார்கள்.

வேலை இதுதான்: குச்சி நுனியில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு பட்டை முடிந்ததும் குச்சியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அடிப்பக்கம் முடிந்தால் கல்லைக் கழற்றி, கவிழ்த்து ஒட்டி, மேல்பக்கம். வைர வெட்டில் வட்டக் கல்லுக்கு 57 பட்டை. கோணம் தவறினால் மேலே விழும் ஒளி திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும். கல் கண்ணாடிச் சில்லுபோல் செத்துக் கிடக்கும்.

மோட்டார் வந்ததும் இழுக்கும் கைக்கு ஓய்வு. ஆனால் கற்பவருக்குப் புதுச் சிக்கல்: கையால் சுழற்றும்போது தப்பு மெதுவாக நடக்கும், மோட்டாரில் கண்ணிமைப்பதற்குள் பட்டை தேய்ந்துவிடும். நகைப் பட்டறையிலும் இதே கதை. பூந்திக்கொட்டை நுரையும் பித்தளைக் கம்பி பிரஷும் நகையை மெல்லத் துலக்கின. பாலிஷ் மோட்டாரின் பஃப் சக்கரமோ தங்கத்தையே தின்னும். சக்கரத்தின் நடுவுக்குக் கீழே நகையைப் பிடிப்பதும், சங்கிலியைத் தொங்கவிடாமல் பலகையில் கிடத்தித் தேய்ப்பதும் ஆரம்பப் பாடங்கள். தொங்கும் சங்கிலி சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும்.

1970-களில் க்யூபிக் சிர்கோனியா வந்தது. அதைப் பெரிய அளவில் வளர்க்க வழிகண்டவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். நம்மூர்க் கடைகளில் அதற்குப் பெயர் அமெரிக்கன் டைமண்ட்! தேவை கூடக் கூட, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் தட்டின் முன் குனிந்தார்கள். 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் கல் வெட்டி மெருகிடும் வேலையும் சேர்க்கப்பட்டது.

சட்டத்தைவிடப் பலமான அடி சந்தையிலிருந்து வந்தது. சீனாவின் வூசோ நகரம் இயந்திரத்தில் வெட்டிய கற்களை மலிவாக அனுப்பத் தொடங்கியதும், குச்சியைத் திருப்பித் திருப்பிக் கண் அளவில் பட்டை பிடித்தவர்களின் கூலி விலைக்குக் கட்டுப்படியாகவில்லை.