பாக்கும் பரிசமும்: பினாங்கில் காதலின் வேதியியல்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், அதன் தென்பகுதியில், இன்றைய சிம்பாங் அம்பாட்டை அடுத்த பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா முதலிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே வேலைக்கு வந்த தமிழ்ப் பாட்டாளிகளுக்கு மொழியும் மண்ணும் புதியவை. ஆனால் பெண் கேட்கப் போகும்போது வெற்றிலையும் பாக்கும் முன்னே செல்ல வேண்டும் என்ற வழக்கம் மட்டும் மலாய்க் கம்பத்திலும் அப்படியே இருந்தது. பினாங்கு என்ற பெயரே பாக்கைக் குறிப்பது. மாநிலக் கொடியிலும் பாக்குமரமே நிற்கிறது.

பாக்கைப் போல மனநிலையை மாற்றும் பொருளையும் காதலையும் இணைத்துப் பேசும்போது இன்று முதலில் நினைவுக்கு வருவது சாக்லேட். காதல் மயக்கத்துக்குக் காரணமென்று 1980களில் பெரிதும் பேசப்பட்ட ஃபினைல்எதிலமின் அதில் உண்டென்றாலும், அதன் அளவு சிறிது. அதையும் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி உடலுக்குள் விரைவில் சிதைத்துவிடுவதால், மூளையை எட்டுவது மிகச் சொற்பம். சாக்லேட் தரும் இலேசான உற்சாகத்துக்குத் தியோபுரோமினும் காஃபீனுமே பெரும்பாலும் காரணம்.

பாக்கின் நிலை வேறு. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் ஆல்கலாய்டு, அதாவது தாவரங்களில் விளையும் நைட்ரஜன் கலந்த காரப்பொருள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் போலவே செயல்படுகிறது. புகையிலையின் நிகோட்டின் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளையும் அது தூண்டுவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை கூடி, அரிக்கோலின் எளிதில் உறிஞ்சப்படுகிறது. அதன் ஒரு பகுதி அரிக்கைடினாகவும் மாறுகிறது. உடல் வெதுவெதுப்பதும், நெற்றி வியர்ப்பதும், உமிழ்நீர் ஊறுவதும், தளர்ச்சி நீங்கி விழிப்புக் கூடுவதும் இதனால்தான்.

ஆயினும் அன்பின் அடையாளமாகத் தாம்பூலத்தை உயர்த்தியது அரிக்கோலின் என்று சொல்லிவிட முடியாது. ஆயர்பாடியில் உணவருந்திய கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலைச்சுருளும் பாக்கும் கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுவதில், போதையைவிடக் கணவனுக்குச் செய்யும் கடைசி உபசாரமே நெஞ்சைத் தொடுகிறது. மலாய் வீட்டில் பெண் கேட்டு வருவோர் 'தெபாக் சிரே' என்னும் வெற்றிலைப் பெட்டியை நடுவில் வைப்பர்: ஒரே அளவாக மடித்து அடுக்கிய இலைகள், சிறு கிண்ணங்களில் பாக்கு, சுண்ணாம்பு, கம்பிர் இலையைக் காய்ச்சி எடுத்த துவர்ப்புச் சாறு, புகையிலை. பெட்டியைத் திறந்த பிறகே பேச்சுத் தொடங்கும். தமிழ் வீட்டிலோ பேச்சு முடிந்த பிறகு தட்டு மாறும். தாம்பூலம் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி, பின்வாங்குவது அவமானம். ஒரே பொருள் ஓரிடத்தில் தொடக்கமாகவும் மற்றோரிடத்தில் முடிவாகவும் அமைந்திருப்பது, அதன் பொருளை வகுத்தது வழக்கமே என்பதற்கு நல்ல சான்று.

பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவது உறுதியென்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. மெல்லும் பழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்களிலும் நிச்சயதார்த்தத் தட்டில் அது இன்றும் வைக்கப்படுகிறது.