பழைய மோட்டார் வண்டியின் மானிகளும் மின்கம்பிகளும் (அந்தமான்–நிக்கோபார்)

பல ஆண்டுகள் ஓடிப் பழகிய ஜீப், கார் முதலிய வண்டிகளில் ஓட்டுநரின் எதிரே அமைந்துள்ள வேகமானி, எண்ணெய் அழுத்தமானி, வெப்பமானி, எரிபொருள்மானி, ஆம்பியர் மானி ஆகிய உபகரணங்களைப் புதுப்பிப்பதும், அவற்றுக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் கொண்டு செல்லும் கம்பிகளைத் தக்கபடி தேர்ந்து மறுபடி இழுப்பதும் இங்கே கூறப்படும். இவை தனித்தனி வேலைகளாகத் தோன்றினும், மின்சாரத்தால் இயங்கும் மானி எதுவும் தன் கம்பி கொண்டுவருவதைக் காட்டுமேயன்றித் தானாக ஒன்றையும் அறிவதில்லை. ஆகையால் கம்பியைத் தொடாமல் மானியை மட்டும் மாற்றுவது, கடல் சூழ்ந்த இத்தீவுகளில், பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருவதால் காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் சிலவே, அந்த ஈரத்தோடு கடலின் உப்பும் கலந்திருக்கிறது. மகிந்திரா நிறுவனத்தார் 1947 முதல் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளும், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்த அம்பாசடரும் இத்தகைய தேசத்தை உத்தேசித்து அமைக்கப்பட்டவை அல்ல. வெறும் செம்பிழைகள், ஒன்றிரண்டு ஃபியூஸ்கள், மின்சாரம் திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடலே என்ற ஏற்பாடு அக்காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் கம்பியின் நுனியில் படும் உப்பீரம், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, மேலுறைக்குள்ளேயே இழைகளின் வழியாக நெடுந்தூரம் ஏறிவிடுவதால், வெளியே பழுதின்றித் தோன்றும் கம்பியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இழைகள் கறுத்துப் பச்சைக் களிம்பேறிக் கிடக்கக் காணலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மூழ்கியது போலக் கடல்நீர் புகுந்த வண்டியின் கம்பிக்கட்டைக் கழுவி உலர்த்தி மீண்டும் உபயோகிப்பது விவேகமன்று.

இங்கே மானிகளின் உண்மை வெறும் அலங்காரப் பிரச்சினையாகாமைக்குப் பிரத்தியேகமான காரணமும் உண்டு. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து திக்லிபூர் வரை சுமார் 330 கிலோமீட்டர் செல்லும் அந்தமான் பெருந்தடச் சாலை, ஜிர்காடாங்குக்கும் மிடில் ஸ்ட்ரெயிட்டுக்கும் இடையே ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவுகிறது. அப்பகுதியில் வண்டிகள் அணிவகுத்தே செல்ல வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தை மிஞ்சலாகாது, முந்தலாகாது, வழியில் நிற்கவும் அனுமதி இல்லை. எஞ்சின் கொதித்து நடுக்காட்டில் நின்றுபோன பழைய ஜீப் தன் உடையவருக்கு மட்டுமன்றிப் பின்வரும் வரிசை முழுவதற்கும் சங்கடத்தை விளைவிக்கும். காடு கடந்ததும் நீரிணையைத் தாண்டிப் பாராடாங்குக்குச் செல்ல வண்டியைப் படகில் ஏற்றுவதால் உப்புத் திவலை வேறு.

கம்பி வேலையை, மின்சாரம் திரும்பும் வழியாகிய எர்த்திலிருந்து தொடங்குவதே முறை. துருப்பிடித்த சேஸிஸும் பாடியும் நம்பத்தக்க எர்த் ஆகமாட்டா. ஆதலால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும், மானிப் பலகையிலிருந்தும், டாங்கியில் உள்ள மிதவைக் கருவியிலிருந்தும் தனித்தனியே கறுப்புக் கம்பி இழுத்து எஞ்சின் பிளாக்கிலோ பாட்டரி முனையிலோ சேர்த்துவிட வேண்டும். கம்பி, கடற்படகுகளில் போடப்படும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருத்தல் உத்தமம். செம்பு முலாமிட்ட அலுமினியக் கம்பி விலையில் மலிந்திருப்பினும், செம்பின் கடத்துதிறனில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே உடையது; உப்புக்காற்றில் அது அரிக்கப்படும் வேகம் சொல்லி மாளாது. வீட்டுச் சுவர்களுக்கான விறைப்பான கம்பியும் வண்டியின் அதிர்ச்சியைத் தாங்காது. மெல்லிய பல இழைகளால் ஆன மோட்டார் கம்பியே ஏற்றது. நுனிகளை ஈயப்பற்று வைத்து இணைப்பதைக் காட்டிலும், லக் வைத்து அழுத்தி, உள்ளே பசை பூசிய வெப்பச் சுருக்கு ஸ்லீவால் மூடுவது நீடித்து நிற்கும். பற்று வைத்த இடம் விறைத்து, அதன் விளிம்பிலேயே கம்பி ஒடிகிறது.

கம்பியின் பருமனை ஊகத்தால் முடிவு செய்வதைவிடக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். 55 வாட் முகவிளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9.2 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் வழியே அவற்றுக்குச் செல்லும் கம்பி 5 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உடையதாயின், செம்பின் தடை மீட்டருக்கு 0.0172 ஓம் ஆகலின், வழியிலேயே சுமார் 0.8 வோல்ட் அழிந்துவிடும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் சுபாவமுடையதாதலால், ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட் அளவில் நிற்கும். முன்புறத்தில் ரிலே வைத்துப் பாதையையே குறுக்கிவிட்டால் இன்னும் நன்று. 6 வோல்ட் அமைப்புடைய ஆதி ஜீப்புகளில் அதே வாட்டுக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால் இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறையும் இத்தீவுகளில் இது அற்பமான கணக்கன்று. ஃபியூஸ் மானியைக் காப்பதற்காக அன்று, கம்பியைக் காப்பதற்காகவே வைக்கப்படுவது. எனவே அதன் அளவு கம்பி தாங்கும் ஆம்பியருக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

மானிகளுள் மிகுந்த கவனத்துக்குரியது வெப்பமானி. எஞ்சினில் திருகப்பட்டு மானிக்குச் சூட்டைத் தெரிவிக்கும் உறுப்பாகிய சென்டர், சூடு ஏற ஏறத் தடை குறையும் பொருளால் ஆனது. இணைப்பில் களிம்பேறித் தடை கூடினால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் குளிர்ந்த பக்கத்திலேயே சாய்ந்து கிடக்கும். அம்பாசடர் போன்ற வண்டிகளில் இதே களிம்பு பெட்ரோல் மானியையும் குறைவாகவே காட்டச் செய்கிறது. ஆனால் அந்தப் பொய்யால் முன்னதாகவே பெட்ரோல் நிரப்பிக்கொள்வோம், கேடில்லை. வெப்பமானியின் பொய்யோ சிலிண்டர் தலையை வளைத்துவிடும். இரு முட்களும் சேர்ந்து ஒரே பக்கம் உயர்ந்து நின்றால், குற்றம் மானிகளில் இல்லை. அவற்றுக்குச் சராசரி 10 வோல்ட் அளிக்கும் ஸ்டெபிலைசர் எர்த் இழந்து முழு மின்னழுத்தத்தையும் விட்டுவிடுகிறது என்று கொள்ளலாம். புதிய மானியைப் பழைய சென்டரோடு பொருத்துகையில் இரண்டின் ஓம் அளவும் ஒத்திருக்க வேண்டும்: அமெரிக்க வழக்கின் 240–33 ஓம் மிதவைக்கும் ஜெர்மானிய வழக்கின் 10–180 ஓம் மானிக்கும் உறவே இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வழக்கைத் தழுவிய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இருந்தமையால், மின்னணு மானி பொருத்துமுன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் அழுத்தத்துக்கு, 1849இல் யூஜின் பூர்டோன் உரிமம் பெற்ற வளைகுழாய் முறையிலான பழைய யந்திர மானியே இத்தீவுகளில் சிறந்தது என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம். கம்பியே இல்லாததால் களிம்பு கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதன் செம்புக் குழாயில் ஒரு சுருள் விட்டு அதிர்ச்சியைத் தணிக்காவிட்டால் குழாய் வெடித்துச் சூடான எண்ணெய் காலில் கொட்டும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆம்பியர் மானியின் கதை வேறு. டைனமோ தந்த 20 ஆம்பியர் சொச்சம் முழுவதும் அதன் வழியே ஓடியது. இன்று டைனமோவைக் கழற்றி, அதைவிட மிகுந்த மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் வைப்போர், இரு பக்கமும் 30 ஆம்பியர் வரை மட்டுமே காட்டும் பழைய 30–0–30 மானியை அப்படியே விட்டுவைப்பதால் பலகையின் பின்னே கம்பி காய்ந்து கருகுகிறது. அதற்குப் பதிலாக வோல்ட்மானி வைத்தால் மெல்லிய ஒரு கம்பியும் சிறு ஃபியூஸும் போதும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள். வேகமானி, சுழலும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும் தத்துவத்தில் இயங்குவது. கேபிளைக் கழற்றித் துரு நீக்கிக் கிரீஸ் இடுவதே பெரும்பாலும் போதும். டயரின் அளவை மாற்றியவர் காட்டும் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மைல் முகப்புடைய பழைய மானியில் அணிவகுப்பின் 40 கிலோமீட்டர் 25 என்ற எண்ணில் நிற்கும்.

வேகமானி இருந்தே தீர வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117ஆம் விதி. 2021இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய விரும்புவோர் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருக்கலாகாது. மானியையும் கம்பியையும் அத்தடை பெயர் சொல்லிக் குறிக்கவில்லை எனினும், பழைய முகப்பைக் காத்துக்கொண்டு உள்ளுறுப்பை மட்டும் புதுப்பித்தல் ரசனைக்கும் பொருந்தும். மானிகளுக்குக் கோயம்புத்தூர் பிரிக்காலும், மின் உறுப்புகளுக்குச் சென்னைப் பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ்ஸும் நெடுநாளாகப் பெயர்பெற்றவை. சென்னையிலிருந்து கப்பல் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் கடந்து வர மூன்று நாள் போல ஆவதால், மானி வாங்கும்போதே அதற்குரிய சென்டரை இரட்டையாக வாங்கி வைப்பதும், இழுத்த கம்பிகளின் நிறத்தையும் போகும் வழியையும் ஒரு தாளில் வரைந்து வண்டியிலேயே வைத்திருப்பதும் தீவுவாசிகளுக்கு அனுகூலம். ரங்கத்திலோ மாயாபந்தரிலோ வண்டி நின்றால், அதை முன்பின் அறியாத எலக்ட்ரீஷியன் அத்தாளைக் கொண்டே வேலையைத் தொடங்கலாம்.