கோயில் ஸ்டோர் ரூமில் இருக்கு நம்ம தைப்பிங் சரித்திரம்

திருப்பணிக்காக அடுத்த வாரம் நம்ம கோயில் ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறோம். அதில் பழைய ரசீது புத்தகம், திருவிழா நோட்டீஸ், வரவு செலவுக் கணக்கு என்று 3 பெட்டி இருக்கு. "கரையான் அரிச்சது, எரிச்சிடலாம்"னு சிலர் சொல்றாங்க. தயவுசெய்து எரிக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறோம்.

1937 வரை பேராக் மாநிலத்தின் தலைநகர் நம்ம தைப்பிங்தான். 1883-ல் தொடங்கிய இங்குள்ள அருங்காட்சியகம் நாட்டிலேயே முதலாவது. 1885 ஜூன் 1-ல் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு, இப்போதைய கோலா செபெத்தாங்குக்கு, மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது. ரயிலுக்குத் தேதி இருக்கு, துரைமார் பேர் இருக்கு. மண்ணு வெட்டினவங்க பேரு எங்கே?

அரசாங்கம் தன் காகிதங்களைக் காக்கத்தான் 1957 டிசம்பரில் ஆவணக் காப்பகம் தொடங்கியது. இன்று கோலாலம்பூரில் இருக்கும் அர்கிப் நெகாரா அதுதான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் கோப்புகள் பெரும்பாலும் அதிகாரிகள் எழுதினது. அதில் நம்ம ஆளுங்க இத்தனை கூலி, இத்தனை சாவு என்று எண்ணிக்கையாகத்தான் வருவாங்க.

கோயில் ரசீது அப்படி இல்லை. கொடுத்தவர் பேர், எந்தத் தோட்டம், எத்தனை வெள்ளி, எல்லாம் இருக்கு. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயம் போச்சு, செக்ரோல் புத்தகமும் போச்சு. சில தோட்டங்களுக்கு மிஞ்சினது இந்த ரசீதுதான். நிலம் கைமாறும்போது "கோயில் எத்தனை வருசமா இங்கே இருக்கு?" என்று கேட்டால், காட்டுவதற்கும் காகிதம் வேணும்.

தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ்கூடச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டே 1994-ல் சென்னையில் அவர் பேரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று வெளிநாட்டு ஆய்வாளர்களும் அதைத் தேடி வராங்க.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பெட்டிகளை மழைத் தண்ணி படாத இடத்தில் வைப்போம். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுப்போம். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேட் செய்யாதீங்க. வீட்டில் பழைய தோட்டத்துப் படம் இருந்தால், அதில் உள்ளவங்க பேரைத் தாத்தா பாட்டியிடம் இப்பவே கேட்டு, பின்னால் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பிரிக்கத் தொடங்குகிறோம். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவங்க கட்டாயம் வாங்க. பேரை வாசிச்சுச் சொல்ல நீங்க வேணும்.

– கோயில் தொண்டர்கள், தைப்பிங்