மிச்சத்தில் பங்கு: மின்சிக்கனக் கொள்கையும் மக்கள் பங்கேற்பும்

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. 2002இல் அதற்கான மைய அமைப்பும், 2006இல் மின்சாதனங்களுக்கான நட்சத்திரக் குறியீடும் வந்தன. ஆயினும் எளிய வீடுகளின் கூரையில் இன்றும் 75 வாட் மின்விசிறிதான் சுழல்கிறது. கிணற்றடியில் பலமுறை காயில் கட்டிய மோட்டார்தான் ஓடுகிறது. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சிக்கனத்தால் மிஞ்சும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கொள்கை வகுப்போர் கேட்கத் தவறியதே உண்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வென்ற கதையைப் பார்ப்போம். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மக்களைச் சேர்ந்தன. அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிய அதே ஹோல்டரில் 9 வாட் பல்பை மாட்டினால் வேலை முடிந்தது. செலவு சிறிது, பலனோ கட்டணம் செலுத்துபவருக்கே கிடைத்தது.

மின்விசிறியில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் 75 வாட் விசிறி இரண்டு மாதத்தில் சுமார் 67 யூனிட் எடுக்கும். பிரஷ் இல்லா மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 27 யூனிட் போதும். மிச்சம் 40 யூனிட். ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த வரம்புக்குள் வாழும் குடும்பத்துக்கு அந்த 40 யூனிட்டால் ஒரு ரூபாயும் மிஞ்சாது. மிஞ்சுவது அரசின் மானியக் கணக்கில். விலை கூடிய விசிறியை வாங்க வேண்டியவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். 2023இல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமானபோதும் இந்த இடைவெளி அப்படியே இருந்தது.

பம்ப்செட்டில் இடைவெளி இன்னும் பெரிது. உழவுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். காயில் எரிந்தால் பயிர் வாடும். ஆகவே உழவர், திறன் குறைந்தாலும் அடி தாங்கும் மோட்டாரைத் தேர்கிறார். அது அவர் நிலையில் அறிவார்ந்த முடிவு. பட்டறையில் அளவு மாறிய கம்பியால் காயில் கட்டினால் மோட்டாரின் திறன் மேலும் குறைகிறது. அதைக் கவனிக்க யாருக்கும் காரணம் இல்லை.

அப்படியானால் இலவசத்தை நிறுத்திவிடலாமே என்பர் சிலர். அது சிறு உழவரின் முதுகில் சுமையை ஏற்றும் வழி. கோவை வட்டாரத்தில் 1970களில் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டங்களில் உழவர்கள் உயிரிழந்தார்கள். மீட்டர் என்றதும் எழும் அச்சம் அந்த நினைவிலிருந்து வருவது.

பஞ்சாப் 2018இல் வேறு வழியைச் சோதித்தது. விருப்பமுள்ள உழவரின் இணைப்புக்கு ஒரு மின்னளவு ஒதுக்கப்பட்டது. அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் சேரும். கூடினால் கட்டணம் கிடையாது. மீட்டர் அங்கே தண்டிக்கும் கருவியாக வரவில்லை, வருவாயை அளக்கும் கருவியாக வந்தது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பிறக்கின்றன. 100 யூனிட்டுக்குள் வாழும் வீடுகளுக்குத் திறன்மிக்க விசிறியை அரசே மொத்தமாக வாங்கித் தந்து, குறையும் மானியத்தில் அந்தச் செலவை ஈடுகட்டலாம். பம்ப்செட்டில் மிச்சமாகும் யூனிட்டுக்கு உழவருக்குப் பணம் தரலாம். அதற்கு முன் மின்னழுத்தத்தைச் சீராக்குவது மின்வாரியத்தின் கடமை. காயில் கட்டும் தொழிலாளிக்குப் பயிற்சியும் சரியான கம்பியும் கிடைக்கச் செய்யலாம். மிச்சத்தில் பங்கு பெறுபவர் அதைக் காக்கவும் செய்வார். அவரை விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு அழைக்கும் அரசு, முதலில் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.